பிடிக்குதோ, இல்லையோ, தெரியாதோ

மோர்னிங்சைட் வீதி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் அந்த அக்காவுக்கு, கருத்துக்கணிப்புக்காக அமெரிக்கர்களைத் தொலைபேசியில் அழைத்து அவர்களுடைய ஜனாதிபதியைப் பிடிக்கிறதா என்று கேட்பதுதான் வேலை. குரல் கெட்டுவிடும் என்று கோடையிலும் கழுத்தில் சால்வை சுற்றியிருப்பார். இஞ்சி ரொபி மிட்டாய் நீட்டும்போதுகூட, “வேணுமோ, வேண்டாமோ, தெரியாதோ?” என்று மூன்றையும் கேட்பார்.

ஜனாதிபதியின் செல்வாக்கு சரிகிறது என்று செய்தி வந்த வாரம், “சனம் நல்லாத் திட்டுதோ அக்கா?” என்றேன், கொஞ்சம் குஷியாகவே.

“திட்டுறவை முந்தியும் திட்டினவைதான். இண்டைக்கு வயசான ஒராள். தான் இந்த ஜனாதிபதிக்குத்தான் வோட் போட்டதெண்டு முதலே சொன்னார். இப்ப பிடிக்குதோ எண்டு கேட்டன். இல்லை எண்டார். சொல்லிப்போட்டு, என்னட்டை மன்னிப்புக் கேட்டார்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

அக்கா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “பரவாயில்லை ஐயா எண்டு சொல்லிப்போட்டன். கேள்வி கேக்கிற நாங்கள் அப்பிடி ஒண்டும் சொல்லக்கூடாது.”

சில நாட்களில் செய்தியில் ஜனாதிபதியின் செல்வாக்கு விழுக்காடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அந்தப் பெரியவர் அதற்குள் எங்கோ இருப்பார். அக்காவின் ‘பரவாயில்லை’ மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.