லோகநாயகி அக்காவின் பிரேக்

பிரேக் பிடிப்பதில் லோகநாயகி அக்காவை அடித்துக்கொள்ள இந்த உலகத்தில் ஆள் கிடையாது. தானே புயல் கடலூரில் கரை ஏறிய அன்றைக்கு, அக்கா மட்டும் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மிதி மிதித்திருந்தால், புயல் முதுநகருக்குள் நுழைந்திருக்காது. இன்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி நின்றிருக்கும்.

நம்பாதவர்கள் அவர் டீக்கடை பெஞ்சில் இருக்கும்போது வலது காலைப் பார்க்கவும். தெருவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தால் போதும், அந்தக் கால் சிமெண்டுத் தரையை ஒரு அழுத்து அழுத்தும். கடலூர் பஸ்ஸில் போனாலும் அப்படித்தான். டிரைவர் ஒரு ஆட்டுக்காக ஒதுங்கினால், மூன்றாவது சீட்டில் இருக்கும் அக்கா முன்சீட்டுக் கம்பியை உதைப்பார். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்.

சிதம்பரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் எனக்கும் இன்னும் சிலருக்கும் கார் கற்றுத்தருகிறார். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு ஈரத்துண்டு. அவர் உட்காரும் இடப்பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. நம் பெடலோடு கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். நாம் மிதிக்க மறந்ததை அவர் மிதிப்பார். அதோடு திட்டும் உண்டு. "ரோடு என்னா உங்கப்பன் எழுதி வச்சதா, நடுவுல போற?" என்பது சாதாரணத் திட்டு. கிளட்சுக்கு மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். "தூங்குற கொழந்த மேலேருந்து கைய எடுப்ப பாரு, அப்புடி உடணும்."

அவரிடம் படித்தவர்கள் ரிவர்ஸ் எடுத்தால் சுவருக்கு ஆபத்து. ஆனால் ஒரு பள்ளிக்கூட வாசலை செகண்ட் கியரில், ஊர்ந்து, குலுங்காமல் கடப்பதில் எல்லாருமே கெட்டிக்காரர்கள். காரணம், சாயங்கால வகுப்பு எங்கே ஆரம்பித்தாலும், பள்ளி விடுகிற நேரத்துக்கு வண்டி அந்த வாசலுக்குத்தான் வரும். பின்சீட்டில் தன் முறைக்குக் காத்திருக்கும் அபுல் ஹசன் பாய், துபாயில் இருபது வருஷம் அடுத்தவர் காரில் உட்கார்ந்தே வந்தவர், முதல் வாரமே கேட்டார், "ஏன் டீச்சர், ஊர்ல வேற ரோடே இல்லியா?" அக்கா பதில் சொல்லவில்லை.

பதில் அந்த வாசலில் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். இளமதி, அக்காவின் மகள், இரண்டாம் வகுப்பு. அப்பா செந்தமிழ்செல்வனோடு இருக்கிறாள். அவர் பைக்கில் வந்து கூட்டிப்போகும்வரை அங்கேதான் நிற்பாள்.

அக்காவும் அவரும் பிரிந்த பிறகு, பிள்ளை யாருக்கு என்ற வழக்கு கடலூரில் நடக்கிறது. நடக்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. அது ஃபர்ஸ்ட் கியரைத் தாண்டியதில்லை. ஒருதரம் ஜட்ஜுக்கு மாற்றல், ஒருதரம் வக்கீல்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை, ஒருதரம் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா லீவு போட்டு, பஸ் ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, தரையை மிதித்துவிட்டுத் திரும்பி வருவார். 'தினமும் அன்னிய ஆண்களோடு காரில் சுற்றுகிறவர்' என்று அவர் புருஷன் மனுவில் எழுதியிருக்கிறது. இப்போதைக்கு அந்த அன்னிய ஆண்கள் ஹசன் பாயும் நானும்தான். பாய் இதைக் கேட்டதும் முதலில் மீசையைத் தடவினார். அப்புறம் அந்தக் கையைக் கீழே போட்டுவிட்டார்.

முடிவு தெரியும்வரை பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றது கோர்ட். இரண்டாம் சனிக்கிழமை கோர்ட்டில் ஓர் அறையில் இரண்டு மணி நேரம் அம்மா பார்க்கலாம்; பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்க்கவோ பேசவோ கூடாது. அக்காவின் வக்கீல் ராமாமிர்தம் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். வாசலில் நின்று கையைக்கூட ஆட்டாதே, யாராவது போட்டோ எடுத்துக் கொடுத்தால் அந்த இரண்டு மணி நேரமும் போய்விடும் என்றார்.

அக்கா நிற்கவில்லை. கையை ஆட்டவில்லை. முகம் நேராக ரோட்டைப் பார்த்திருக்கும். கண்ணாடிக்குள் கண் மட்டும் இடப்பக்கம் போகும். வண்டி வாசலைக் கடந்ததும், "ம், தேர்டு போடு" என்பார். எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் காலத்திலிருந்தே, ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே.

போன மாதம் கவுன்சிலிங் வைத்தார்கள். இளமதியைத் தனியாக உட்காரவைத்து, யாரோடு இருக்க ஆசை என்று கேட்டார்களாம். மறுநாள் டீக்கடையில், நானும் பக்கத்தில் இருக்க, அக்கா அதை ஹசன் பாயிடம் சொன்னார். மழை வருமா என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

"அப்பா கூடன்னு சொல்லியிருக்கா. அம்மா தெனம் ஸ்கூல் வாசல்ல கார்ல போவாங்க, நான் நின்னுகிட்டேதான் இருப்பேன், அவுங்க நிறுத்தவே மாட்டாங்கன்னு சொன்னாளாம். அப்புடியே ரிப்போர்ட்ல எழுதிட்டாங்க பாய். தாய் மேல ஒட்டுதல் கம்மியாம்."

பாய் டீ கிளாசை வைத்தார். "நிக்கக்கூடாதுன்னு கோர்ட்டுதான் சொல்லிச்சுன்னு புள்ளைகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"ஏழு வயசுப் புள்ளைகிட்டயா? ஏன் அப்புடிச் சொன்னாங்கன்னு கேப்பா. ஒங்கப்பாதான்னு நான் சொல்லணும். அதையும் எழுதுவாங்க."

ரோட்டில் வண்டியே வரவில்லை. அவர் கால் மட்டும் சிமெண்டை மிதித்தபடி இருந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து அந்த வாசலில் வண்டி ஆஃப் ஆக ஆரம்பித்தது. கிளட்சை நான் பட்டென்று விட்டுவிடுவேன். வண்டி ஒரு குதி குதித்துச் செத்துப்போகும். எல் போர்டு வண்டி நடுரோட்டில் நின்றுபோவதை எந்த வக்கீலும் குற்றம் என்று வாதாட முடியாது. பின்னால் ஆட்டோக்காரர்கள் என் பரம்பரையை விசாரிப்பார்கள். ஒருநாள் செந்தமிழ்செல்வனே பைக்கில் பின்னால் நின்று ஹாரன் அடித்தார். கண்ணாடியில் பார்த்து ஒரு சலாம் போட்டேன். "தம்பி, ஒட்டகம்கூட இன்னேரம் கத்துகிட்டிருக்கும்பா" என்பார் பாய். நான் சாவியைத் தேடுவேன், கியரைத் தேடுவேன், சும்மா ஸ்டியரிங்கைத் தட்டுவேன். அக்கா திட்டுவார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக. திரும்ப மாட்டார். கை ஆட்ட மாட்டார். வாசலில் அந்தத் தண்ணீர் பாட்டில் ரெண்டு எட்டு முன்னால் வந்து நின்று, கார் நிற்பதைப் பார்க்கும்.

டிரைவிங் ஸ்கூல் வரலாற்றிலேயே மண்டு மாணவன் என்று பெயர் எடுத்தேன். ஓனர் என்னை வேறு மாஸ்டரிடம் மாற்றுவதாகச் சொன்னார். இவன் என்கிட்டயே கிடக்கட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாராம்.

நேற்று வாசல் கொஞ்ச தூரத்தில் இருக்கும்போதே அக்கா பேச ஆரம்பித்தார், ரோட்டைப் பார்த்தபடி.

"டேய். உங்காலு அசைஞ்சா எம்பக்கத்துப் பெடலும் அசையும். தெரியுமா?"

நான் செகண்ட் கியருக்கு மாற்றினேன்.

"பைபாஸ்ல நீ கிளட்ச் உடுறது பூ மாதிரி இருக்கு. இந்த வாசல் வந்தாதான் காலு வழுக்குது."

"செருப்புக்கா," என்றேன். "அடி தேஞ்சுபோச்சு."

"செருப்ப பாய் பக்கத்துல கழட்டி வச்சுட்டுல்ல ஓட்டுற."

பின்சீட்டில் பாய் இருமினார். வாசல் வந்துவிட்டது. உள்ளே மணி அடித்தது, பிள்ளைகள் வந்தார்கள், பாட்டிலும் வந்தது. என் கால் கிளட்சில் அப்படியே இருந்தது.

அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு தன் பக்கத்து இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்து, சீட்டுக்குக் கீழே மடக்கி வைத்துக்கொண்டார்.