கொட்டகையில் அடைக்கவும்

ஆட்டையும் கோழியையும் ஒரே இடத்தில் வளர்க்கலாமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். தாராளமாக வளர்க்கலாம். மனிதன் குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

எழுபதுகளின் கடைசியில் கதிர்காமத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஆறு செம்மறி, இருபது கோழி. பகலில் எல்லாம் ஒன்றாகத் திரியும். ஆட்டுப் புழுக்கையைக் கிளறிக் கோழிகள் புழு பொறுக்கும். படுத்திருக்கும் ஆட்டின் முதுகிலேறி உண்ணி கொத்தும். ஒரே ஒரு கட்டுப்பாடு: கோழித்தீவனத்தில் ஆடு வாய் வைக்கக் கூடாது. அரைத்த தானியம் உள்ளே புளித்து வயிறு உப்பிவிடும். அதனால் ஆட்டுக்கு ஓலைக் கொட்டகை, கோழிக்கு ஓட்டுக் கொட்டகை. தீவன மூட்டை ஓட்டுக் கொட்டகையில்.

நிலத்தைப் பார்த்துக்கொண்டவன் என் மைத்துனன். மில் வேலை போனவன். நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே எங்கள் அலுவலகத்தில் எதையும் எழுத்தில் கொடுப்பதுதான் வழக்கம். வீட்டிலும் அதையே செய்தேன்.

ஓர் ஐப்பசியில் அலுவலக வேலையாக இரண்டு நாள் காரைக்கால் போனேன். போகும்போது ஒரு சீட்டு எழுதிக் கதவில் செருகினேன்: "மழை வந்தால் கொட்டகையில் அடைக்கவும்."

எதை? எந்தக் கொட்டகையில்? இப்படி ஒரு வாக்கியம் என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

திரும்பி வந்த அன்று முற்பகல் சினை ஆடு மத்தளமாக உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. மைத்துனன் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த ஆடு. பக்கத்தில் தீவன மூட்டை கிழிந்திருந்தது.

"ஓல ஒழுவுச்சு மாமா. எல்லாத்தையும் ஓட்டுக் கொட்டாயில அடைச்சேன். நீங்கதான எழுதியிருந்தீங்க?"

"ஆட்ட அங்க அடைக்கச் சொல்லியா எழுதுனேன்?"

"வேணாம்னு எழுதுனீங்களா?"

அவனிடம் கத்தினேன். பிறகு ஆட்டைக் கைவண்டியில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.

"சீட்டு பதியற நேரம் முடிஞ்சிச்சு சார். சாயங்காலம் வாங்க," என்றார் வாசலில் இருந்த ஊழியர்.

"அவசரத்துக்குச் சீட்டு தேவையில்ல. விதி இருக்கு. புத்தகத்த எடுங்க."

எடுத்தார். அந்தப் புத்தகம் எங்கள் அலுவலகத்திலிருந்து போனதுதான்; பக்கம் சொன்னேன், பத்தி சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். மைத்துனன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, டாக்டரு உள்ளதான் இருக்காரு. நான் போயி கால்ல வுழுந்து கூட்டியாறேன்."

"சும்மா இருடா. விதி நம்ம பக்கம் இருக்கு."

இருந்தது. ஊழியர் எழுத்துக் கூட்டிப் படித்துத் தலையாட்டினார். டாக்டர் வெளியே வந்து வயிற்றில் கை வைத்தபோது ஆட்டின் மூச்சு அடங்கியிருந்தது. கால் மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் ஊசி குத்திக் காற்றை எடுத்திருப்பேன் என்றார்.

"ஜெயிச்சிட்டீங்க மாமா," என்றான் மைத்துனன்.

வண்டியைத் திருப்பி அவன் தனியாகவே தள்ளினான். என்னைத் தொட விடவில்லை. நான் பின்னால் அந்த ஊழியரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். கதிர்காமம் வரும்வரை அவரை மட்டும்தான் திட்டினேன்.