கிராணியின் காடிக் கூரை

அந்தப் பழைய காரின் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு பச்சைக் கயிறு. அலுவலகக் கோப்புகளில் தாள்களைக் கோத்துக் கட்டுவோமே, அதே கயிறுதான். கதவின் உட்புற அட்டை ஆடாமலிருக்க, காலியாகக் கிடந்த திருகுத் துளைகளில் அதை நுழைத்து முடிச்சுப் போட்டிருந்தார் கிராணி ஐயா. சன்னலோரத்து வெள்ளிப் பட்டை கடகடக்காமலிருக்க, அடியில் கோப்பு அட்டையை மடித்துச் செருகியிருப்பார். எங்கு தேடினாலும் ஒரு சொட்டுப் பசை கிடையாது.

மலேசியாவின் ஈப்போவில் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் எழுத்தராக, அதாவது கிராணியாக, இருந்தவர். தோட்டம் கைமாறியபோது மேலாளரின் காரை வாங்கிக்கொண்டு பட்டணம் வந்தார். கடைசிவரை அதைத் "தொரை காடி" என்றுதான் சொன்னார். பட்டறைக்காரர்கள் ஒட்டிவிடலாம் என்றால் ஒரே பதில்தான்: "ஒட்டுனா ஒட்டுனதுதான்லா. நாளைக்கு ஒழுங்கான சாமான் கெடச்சா எப்படிப் பிரிக்கிறது?" கேட்ட தாளைக் கேட்ட நேரத்தில் உருவிக் காட்டிப் பழகிய மனிதர். அந்தப் புத்தி காரிலும் ஏறிவிட்டது.

அவருக்கிருந்த ஒரே குறை, பக்கத்து இருக்கை காலியாகவே கிடந்தது. கூரையின் உள்துணி தளர்ந்து தொங்கியதால் அவர் மனைவி கிராணியம்மா அந்தக் காரில் ஏறுவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த அம்மாவின் கொண்டை ஊரறிந்த கொண்டை. காலையில் போட்டால் இரவுவரை ஒரு முடி கலையாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோர லூமுட்வரை சேர்ந்து போவதாக முடிவானதும், ஐயா மூன்று நாள் மனைவியிடம் கெஞ்சினார். பிறகு துணியின் ஓரம் முழுக்கத் தாள்கட்டைப் பிடிக்கும் கருப்புக் கிளிப்புகளாக மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இது காடியா, ஆபீஸ் அலமாரியா?" என்று அம்மா சிரித்தார். "சரி, வாரேன். ஆனா துணி ஒருதரம் என் தலையில பட்டுச்சு, அங்கேயே எறங்கி பஸ் ஏறிடுவேன். அப்புறம் இந்த சென்மத்துல கூப்பிடாதீங்க."

புளிச்சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஐயா சாலையைவிடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தார். வழியில் போத்தா ஊரைத் தாண்டியதும் ஒரு லாரி எங்களை உரசுவதுபோல முந்திப் போனது. அந்தக் காற்றில் ஒரு கிளிப் தெறித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. மொத்தத் துணியும் அம்மாவின் தலைமேல் விழுந்து முகத்தை மூடிவிட்டது.

ஐயா ஓரங்கட்டி நிறுத்தினார். மனைவியைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் அவருக்கில்லை. "பஸ் ஸ்டாப் அந்தா இருக்கு," என்றார் ஈனக் குரலில். எனக்கே அழுகை வந்துவிடும்போல இருந்தது. துணிக்குள் அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றே நினைத்தேன். பார்த்தால், அடக்க முடியாத சிரிப்பு! துணியை விலக்கி, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். துணியை மடித்து, ஓரத்துப் பஞ்சுப் பட்டையில் ஏழு இடத்தில் குத்தினார். "ம், காடிய எடுங்க," என்றார்.

லூமுட் படகுத்துறையில் கடற்காற்றில் அம்மாவின் கூந்தல் இடுப்புவரை பறந்தது. மற்றவர்களெல்லாம் காருக்குக் கார் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, ஐயா நின்ற இடத்திலேயே நின்றார். "மத்த காடியெல்லாம் பாக்கலையா ஐயா?" என்றேன். "அதுங்க எங்கயும் போயிடாதுலா," என்றார், மனைவியிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் அவர் ஊசிகளைக் கழற்றப் போனபோது அம்மா தடுத்துவிட்டார். "விடுங்க. அடுத்த ஞாயிறும் போலாம்." அப்புறம் எத்தனையோ ஞாயிறுகள் போனார்கள்.

ஐயா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. கார் இப்போது மகனிடம். போன மாதம் அவன் வாசலில் நிறுத்திக் கூரையைக் காட்டினான். ஊசிகள் துருப்பிடித்து, துணியில் ஏழு பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. "இந்தக் கறை போகாதும்மா. துணிய மாத்திரலாம்."

அம்மா ஒரு புள்ளியை விரலால் தடவினார்.

"போக வேணாம்லா," என்று சொல்லி, முன்னிருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.