ஆந்தை அணியின் ஆறாவது பெண்

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அந்த அம்மாளைப் பிள்ளைகள் ‘விசிலக்கா’ என்றே அழைத்தார்கள். பதினாறு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தில் சாரணியர் படை நடத்துகிறவள். பத்து வயதுக்குள் இருக்கும் வாண்டுகள் நீலப்பறவைகள். அதைத் தாண்டினால் சாரணியர். ஆறாறு பேராகப் பிரிந்து அணியாவார்கள். அணிக்கொரு பறவையின் பெயர், ஒரு தலைவி, ஒரு கொடி. அவளுடைய படையில் மயில், குயில், ஆந்தை என்று மூன்று அணிகள்.

ஆந்தை அணியில் பேக்கரிக்காரரின் இளைய மகள் மூன்று வாரமாக வரவில்லை. கயிற்றில் முடிச்சுப் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. காய்ச்சலாம், பரீட்சையாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். விசிலக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிறு மதியம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் பேக்கரிக்கு நடந்தாள்.

ரொட்டித் தட்டை இறக்கிக்கொண்டிருந்த தாய், “வாங்கக்கா. என்னன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறா. நீங்களாவது கேளுங்க,” என்றாள்.

பெண் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். தடித்த கண்ணாடி மூக்கில் வழுக்கி நின்றது.

“என் மேல கோபமா கண்ணு?”

பொலபொலவென்று கண்ணீர் வந்தது. “ஸ்கூல்ல எல்லாரும் ஆந்த முழிங்கிறாங்க. பொருத்தமாத்தான் பேர் வெச்சிருக்காங்கன்னு சிரிக்கிறாங்க. என் கண்ணாடியப் பாத்துத்தான் என்னை அதுல போட்டீங்களாக்கா?”

விசிலக்காவுக்குச் சுருக்கென்றது. இருட்டிலும் கண் தெரிகிற பறவையாயிற்றே என்று பெருமையாக வைத்த பெயர். ஊர் வாயில் அது வசவு என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

“சத்தியமா இல்ல. ஆனா பேர் வெச்சது நான். உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என்னோடதுதான்.”

பெரியவர்கள் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை போலும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

“பேர மாத்தலாமா?”

“அணியே கூடி முடிவு பண்ணா மாத்தலாம். நீ வந்தாத்தானே ஆறு பேரு?”

அந்தச் சனிக்கிழமை வாசலைப் பார்த்துப் பார்த்தே விசிலக்காவுக்குக் கழுத்து வலித்தது. நாலரை மணிக்கு, தேய்த்த சீருடையில் அவள் வந்தாள். ஐந்து பெண்களும் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்தார்கள். விசிலக்காவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தாற்போல இருந்தது.

மரத்தடியில் அரை மணி நேரம் ஒரே கசமுசா. கிளி வேண்டாமாம், சொன்னதையே சொல்லுமாம். கழுகு என்றால் ஒருத்திக்குப் பயம். கடைசியில் ஆறு கையும் மரங்கொத்திக்கு உயர்ந்தன.

“அது ஏன்?” என்றாள் விசிலக்கா.

“ஆரம்பிச்ச வேலைய விடாதுக்கா,” என்றாள் பேக்கரிக்காரர் மகள்.

“எவளாவது கேலி பண்ணா கொத்திரும்,” என்றாள் அணித்தலைவி.

புதுக் கொடியில் அவர்கள் வரைந்த மரங்கொத்தி அசல் கோழி மாதிரியே இருந்தது. விசிலக்கா அதைப்பற்றி மூச்சு விடவில்லை.