காற்று பிரிந்த சேதி

பக்கத்துக் கட்டில் கன்னியம்மாவின் நைட்டி ஓரத்தைத் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள் சைனம்பு. "ஒரே தண்ணில சாயம் பூடும் பாரு. எங்கிட்ட எடுத்திருந்தா இப்டி ஆவுமா?" கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது, விலாவில் சீழ் வடிய ஒரு குழாய். ஆள் படுத்தாலும் வியாபாரம் படுக்கவில்லை. கோவளத்தில் வீட்டு முன்னறையிலேயே நைட்டி விற்பவள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி வார்டிலும் அதற்குள் வாடிக்கை பிடித்துவிட்டாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவள் விஷயத்தில் பாதிதான் உண்மை. தன் உடம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். அடிவயிற்று வலியையும் அப்படித்தான் "சூட்டு வலி, மோர் குடிச்சா பூடும்" என்று அமுக்கிவைத்தாள். உள்ளே குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டது. டாக்டர்கள் வயிற்றைத் திறந்து, கழுவி, ஆளை மீட்டுக் கொடுத்தார்கள். ஊசி மருந்தில் காய்ச்சலும் இறங்கியது.

இனி குடல் அசைய வேண்டும். காற்று பிரிந்தால்தான் வாய்க்குத் தண்ணீர். அதை டாக்டர் பிரவின்குமார் தினமும் வார்டுக்கே கேட்கிற குரலில் விசாரிப்பார்.

"காத்து பிரிஞ்சுதாம்மா?"

விடியும்போதே பிரிந்திருந்தது. ஆனால் கால்மாட்டில் மருமகன் முபஷ்ஷிர் பயபக்தியோடு நிற்கிறான். மருமகன் எதிரில் இருமவே யோசிக்கிறவள் இதை எப்படிச் சொல்வாள்?

"இல்ல தம்பி."

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இன்னும் உப்பலாத்தான் இருக்கு. ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம். உள்ள மறுபடி சீழ் சேந்திருந்தா, திரும்பத் திறக்க வேண்டிவரும்."

சைனம்பு வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டாள். முபஷ்ஷிர் கண் கலங்கினான். தங்கமான பிள்ளைதான். இப்போது அந்தத் தங்கம்தான் இடைஞ்சல்.

கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "விடிகாலைல இன்னாவோ சத்தம் கேட்டுச்சேக்கா..." என்று இழுத்தாள். சைனம்பு பார்த்த பார்வையில் போர்வைக்குள் போய்விட்டாள்.

"மாப்ள, நீங்க போயி நாஸ்தா பண்ணிட்டு வாங்க."

"பசி இல்ல மாமி."

"போங்கன்றேன்ல. வெறும் வயித்தோட நின்னுகினு கீறீங்க."

அவன் வார்டு கதவைத் தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு முக்காட்டை இழுத்து முகத்தை முழுசாக மூடிக்கொண்டு, டாக்டர் பக்கமாக மூன்று விரலை உயர்த்திக் காட்டினாள்.