இருவாச்சியின் முகம் தெரிந்த படம்

கல்யாணப் படம் எடுப்பவரோடு காட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று முன்பெல்லாம் யாராவது கேட்டிருந்தால், சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பேன். என் கணவர் சேந்தமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். மேடையில் நிற்கிற பெண்ணையும் மாப்பிள்ளையையும் "இங்க பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று தன் பக்கம் திருப்பியே பழகிப்போனவர். கொல்லிமலைக்கு வந்த புதிதில், கிளையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு மலையணிலைப் பார்த்துச் சொடக்குப் போட்டார். அது ஓடியே போய்விட்டது. "கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்க அதென்ன உங்க மச்சினியா?" என்று கேட்டேன். அன்றைக்கு முழுக்க அதைச் சொல்லியே அவரைக் கிண்டலடித்தேன்.

பறவைக் கிறுக்கு எனக்குத்தான் முதலில் பிடித்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமையானால் அவருடைய பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறிவிடுவேன். என்னைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் கூட வந்தவர், பிறகு என்னைவிடப் பெரிய லென்ஸ் வாங்கிக்கொண்டார். பொறுமை மட்டும் அவருக்கு வரவேயில்லை. ஆனாலும் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக இருந்தது அந்த மிளகுத் தோட்டங்களில்தான். வீட்டில் எங்களுக்குள் அவ்வளவு அமைதி கிடையாது.

அந்தக் கோடையில், செம்மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத் தோட்டம் ஒன்றில் சாம்பல் இருவாச்சி கூடு வைத்திருந்தது. இருவாச்சி குடும்பம் நடத்துகிற விதமே தனி. பெட்டை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை எச்சத்தாலும் மண்ணாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் இருக்கும். உள்ளே இருக்கும்போதே அதன் சிறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஆண்தான் வெளியே அலைந்து, தொண்டை நிறைய அத்திப்பழம் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டவேண்டும். அது வரவில்லையென்றால் உள்ளே தாய்க்கும் சாப்பாடு இல்லை, குஞ்சுக்கும் இல்லை.

நான் மிளகுக்கொடி ஓரமாகப் பச்சைத் துணி மறைப்பு கட்டி உட்கார்ந்துகொள்வேன். குஞ்சு பொரித்துவிட்டது என்பது சத்தத்திலேயே தெரிந்தது. ஆண் வரும்போது அது போடுகிற கீச்சுச் சத்தம் கேட்டால் எனக்குப் பள்ளிக்கூடத்துக் கவலை எல்லாம் மறந்துவிடும். என் கணவருக்குத்தான் ஒரு குறை. ஆண் எப்போதும் மரத்தின் பின்பக்கமாகவே வந்தது. எத்தனை படம் எடுத்தாலும் அதில் முதுகும் வாலும்தான். "முகம் இல்லாத படத்த யாரு பாப்பாங்க?" என்று புலம்பினார்.

பறவைப் படம் எடுப்பவர்களிடம் ஒரு குறுக்குவழி உண்டு. அந்தப் பறவையின் குரலையே ஃபோனில் போட்டால், இன்னொரு ஆண் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து அது விரட்டிக்கொண்டு வரும். அருமையான படம் கிடைக்கும். கூடு இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. இதை நான் அவரிடம் பலமுறை சொல்லியிருந்தேன். அவரும் தலையாட்டியிருந்தார்.

அன்று காலையில் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து இருவாச்சிக் குரல் கேட்டது. ஒரே மாதிரி, இடைவெளி விட்டு, மறுபடி மறுபடி. ஃபோன் என்று எனக்குப் புரிந்ததும் மறைப்பை விட்டு வெளியே வந்து, "ஏனுங்க, அத நிறுத்துங்க" என்று கத்தினேன். அதற்குள் ஆண் மரத்தைவிட்டுக் கிளம்பி, தாழ்வாக, ரோட்டுக்குக் குறுக்கே நேராக அவரை நோக்கிப் பறந்தது. வளைவில் திரும்பிய ஒரு டூரிஸ்ட் வேன் அதை அடித்துவிட்டு நிற்காமல் போனது.

நான் போய்த் தூக்கும்போது சூடு இருந்தது, உயிர் இல்லை. தொண்டையில் இருந்த அத்திப்பழங்கள் தார் ரோட்டில் சிதறிக் கிடந்தன. கொண்டுவந்த சாப்பாட்டை ஊட்டக்கூட நேரமில்லாமல் சண்டைக்குக் கிளம்பியிருக்கிறது. எனக்கு அவரை அடிக்கவேண்டும்போல இருந்தது. நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வனத்துறைக்காரர் வந்து பார்த்தார். பொந்தை உடைக்கவேண்டாம், தாய் தானாக வெளியே வரலாம் என்றார். என் கணவர் ஒப்புக்கொண்டிருந்த கல்யாணத்துக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு, மூங்கில் கழி நுனியில் அத்திப்பழத்தைச் செருகிக் கீறலுக்கு நேரே பிடித்தபடி நின்றார். பகல் முழுக்க நின்றார். பெட்டை பழத்தைத் தொடாமல் அலகை உள்ளே இழுத்துக்கொண்டது. தோட்டக்காரம்மா பார்த்துவிட்டு, "அதோட புருசன் வந்தாத்தான் அது வாயத் தொறக்கும், சாமி" என்றார். என் கணவர் காதில் அது விழுந்தது. கழியை மட்டும் கீழே இறக்கவில்லை.

பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நானும் அங்கேயே கிடந்தேன். குஞ்சின் சத்தம் நாளுக்கு நாள் மெலிந்தது. பிறகு ஒரு காலையில் பெட்டை உள்ளிருந்தே பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. சிறகு பாதிதான் முளைத்திருந்தது. பறக்க முடியாமல் காப்பிச் செடிகளுக்குள் விழுந்து, எழுந்து, கிளைக்குக் கிளை தாவிப் போனது. இனி வராது என்று நினைத்தேன். வெயில் ஏறிய பிறகு வந்தது, அலகில் ஒரு பழத்தோடு. பொந்து வாசலில் தொற்றிக்கொண்டு பழத்தை உள்ளே நீட்டியது. உள்ளிருந்து சத்தம் வரவில்லை. பழத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளைக்குப் போய், திரும்பி வந்து மறுபடி நீட்டியது. சாயங்காலம் வரை அதையே செய்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கேமராவை யாரும் எடுக்கவில்லை.

ஆண் அடிபட்ட அன்றைக்கு அவர் எடுத்த படத்தைப் பல நாள் கழித்துத்தான் கம்ப்யூட்டரில் திறந்தார். முகம் நேராக, கண்ணில் வெளிச்சத்தோடு, பழத்தால் புடைத்த தொண்டையோடு அந்த ஆண் பறந்து வந்தது. அப்படி ஒரு படத்தை நான் என் வாழ்க்கையில் எடுத்ததில்லை. "அழிச்சிரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாங்க, இருக்கட்டும்" என்றேன். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

இப்போது நான் தனியாகத்தான் மலைக்குப் போகிறேன். அவர் நல்ல மனுசன், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து எனக்கு டீ போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றித் தருகிறார். பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விடுகிறார். பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றுவிட்டு, "அடுத்த வாரம் நானும் வரட்டுமா?" என்று கேட்கிறார். ஒவ்வொரு வாரமும் கேட்கிறார். வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். "பாக்கலாங்க" என்றுதான் வருகிறது.