மூன்றாம் நாள் மேஜை

போன சனிக்கிழமை எங்கள் சர்ச் ஹாலில் ஆண்டவர் உலகத்தைப் படைத்தார். சரியாக ஆறு மேஜைகளில்!

மே மாதம் வந்தால் குன்னூர் சர்ச்சுகளில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். — விடுமுறை வேதாகமப் பள்ளி — நடக்கும். பாட்டு, கதை, கைவேலை... கடைசி நாள் கண்காட்சி. இந்த வருஷத் தலைப்பு 'படைப்பு'. வேதாகமம் சொல்லும் ஆறு நாளில் நாளுக்கு ஒரு மேஜை. முதல் மேஜையில் கறுப்புத் துணியும் டார்ச் லைட்டும். நான்காவதில் தெர்மகோல் சூரியன். புல், பூண்டு, மரங்கள் முளைத்த மூன்றாம் நாள் என் பொறுப்பு.

நீலகிரியில் செடிக்கா பஞ்சம்? சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானமுத்து அண்ணன் கைகொடுத்தார். எஸ்டேட்டில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். நர்சரியில் சொல்லி, தேயிலைக் கன்று, சில்வர் ஓக் கன்று என்று ஒரு ஜீப் நிறைய அனுப்பிவிட்டார். நான் கேரட், முட்டைக்கோஸ், யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரக் கிளை எல்லாம் சேர்த்து ஜோடித்தேன். மேஜை தாங்கவில்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஸ்கூலில் பாட்டனி வாத்தியார். போன வருஷ வி.பி.எஸ்.ஸில் ஒரு சின்னப் பெண், டைனோசரை ஆண்டவர் எந்த நாளில் படைத்தார் என்று கேட்டாள். இவர் சும்மா இருப்பாரா? மனுஷன் வருவதற்குப் பல கோடி வருஷம் முன்பே அது வாழ்ந்து மடிந்துவிட்டது என்று ஆரம்பித்தார். ஞானமுத்து அண்ணன் அத்தனை பேர் முன்னாலும் நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க சார், அந்தக் கோடிக் கணக்கெல்லாம் ஸ்கூலோட வெச்சுக்கங்க. இது ஆண்டவர் ஊடுங்க."

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறிலிருந்து இவர் என்னை சர்ச் கேட்டில் இறக்கிவிட்டு, எதிர் பேக்கரியில் டீயும் மொறுமொறு வர்க்கியுமாக உட்கார்ந்துவிடுவார். விசுவாசம் போய்விட்டதா? அதெல்லாம் இல்லை. வீட்டில் ஜெபம் உண்டு, வேத வாசிப்பு உண்டு. தனக்கு ஆண்டவரோடு சண்டை இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு உட்காரத்தான் முடியவில்லை என்பார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. இருபத்தாறு வருஷம் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பாடியவர்கள் நாங்கள். அவர் சுருதி சேராமல்தான் பாடுவார். ஆனாலும் அந்தக் குரல் பக்கத்தில் இல்லாமல் பாட எழுந்தால்... அழுகை வந்துவிடும். ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மனுஷன் மசியவில்லை.

சனிக்கிழமை, தொட்டி தூக்க ஆளில்லை என்று பொய் சொல்லி உள்ளே இழுத்து வந்தேன். ஆண்டவர் மன்னிப்பாராக. புதிதாக மாற்றலாகி வந்த ஆயருக்குப் பழைய கதை தெரியாது. சார் பாட்டனியாமே, இந்த மேஜையை நீங்களே விளக்குங்கள் என்று மைக்கை நீட்டிவிட்டார்.

எதிரே முதல் வரிசையில் ஞானமுத்து அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு.

இவர் கோடியும் பேசவில்லை, லட்சமும் பேசவில்லை. தேயிலைக் கன்றைத் தூக்கினார். இது வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது என்று சொல்லிக் கீழே வைத்தார். கற்பூர மரக் கிளை — ஆஸ்திரேலியா. கீழே. சில்வர் ஓக் — அதுவும் ஆஸ்திரேலியா. கேரட், முட்டைக்கோஸ் — வெள்ளைக்காரன் கொண்டுவந்த விதை. மேஜை காலியாகிக்கொண்டே வந்தது. என் மானமும் கப்பலேறிக்கொண்டிருந்தது.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு கொப்பு. தொட்டி விரிசலை மறைக்க, காட்டோரம் ஒடித்து நான் செருகிய தவிட்டுப்பழக் கொப்பு. அதைக் கையில் எடுத்தார்.

"இது மட்டும்தாங்க நாம யாரும் வைக்காதது. எத்தனை காலமா இந்த மலையில இருக்குன்னு கேட்டா நான் ஒண்ணு சொல்லுவேன், அண்ணன் ஒண்ணு சொல்லுவாங்க. வெச்சது யாருன்னு கேட்டா ரெண்டு பேரும் ஒரே பேரைத்தான் சொல்லுவோம்."

ஞானமுத்து அண்ணன் எழுந்து வந்தார். தரையிலிருந்த சில்வர் ஓக் கன்றையே பார்த்தார்.

"முப்பது வருஷம் எஸ்டேட் பூரா இதை நட்டவன் நானுங்க. நான் நட்டதையே ஆண்டவர் நட்டதுன்னு அனுப்பி வெச்சிருக்கேன் பாருங்க."

முதலில் சிரித்ததும் அவர்தான். பிறகு இவர் பக்கத்தில் வந்து, போன வருஷம் பிள்ளைகள் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். அதற்காக ஆறு நாளை விட்டுக்கொடுத்தாரா? ஊஹூம்! இவரும் கோடியிலிருந்து ஒரு வருஷம்கூட இறங்கவில்லை. கண்காட்சி முடிந்து டீ வந்தபோது, ஒரே தட்டிலிருந்து வர்க்கி எடுத்துக் கடித்தபடியே வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள்... நம் பிடிவாதங்களில் எத்தனை, நாமே நட்டு வளர்த்துவிட்டு ஆண்டவர் நட்டது என்று வேலி போட்டவை?

மறுநாள் ஞாயிறு. கேட்டில் இறங்கினேன். இவரும் இறங்கினார். முதல் பாட்டுக்கு எழுந்தபோது புத்தகத்தின் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, ஆரம்பித்துவிட்டார். ஒரு வருஷ ஓய்வில் சுருதி இன்னும் மோசமாகியிருந்தது.

படைத்த எல்லாவற்றையும் நல்லதென்று கண்ட ஆண்டவர், அந்தக் குரலைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது... எனக்கு மிகவும் நன்றாகவே இருந்தது!